சொற்களை மனனஞ் செய்தால் போதுமா?
பட்டமேற்படிப்புப் பரீட்சையின் ஆங்கில வாசிப்பும் நம் இளைஞர்களும்

புலம்பெயர்ந்து வாழும் நம் மக்களின் வீடுகளிலே 'பரீட்சை' என்ற சொல்லுக்குத் தனியானதொரு கனம் உண்டு. காணியையும் வீட்டையும் விட்டு வந்தவர்கள் எவரும் பறிக்க முடியாதபடி தம்மோடு கொண்டுவந்தது கல்வி ஒன்றையே. அதனால் ஒரு பிள்ளை பரீட்சைக்கு அமரும்போது அவ்வீடு முழுவதுமே அமர்கின்றது. தந்தை உணவகச் சமையற்கூடத்திலே மேலதிக நேரம் நின்று உழைக்கின்றார். தாய் வெள்ளிக்கிழமைகளில் விரதமிருக்கின்றார். அவ்வாறு குடும்பமே அமரும் பரீட்சைகளுள் ஒன்றைப் பற்றியும், அதிலே நம் இளைஞர்கள் பலர் இடறுகின்ற ஒரு பகுதியைப் பற்றியும் இன்று எழுத விழைகின்றோம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலே முதுமாணி, கலாநிதிப் பட்டங்களுக்குப் படிக்க விரும்புவோர் எழுதும் பொதுப் பரீட்சை ஜீ.ஆர்.ஈ. எனப்படும். 1930களில் ஒரு பரிசோதனை முயற்சியாக ஆரம்பமான இப்பரீட்சையை, 1947இல் நிறுவப்பட்ட ஈ.ரி.எஸ். என்னும் அமைப்பு நடத்தி வருகின்றது. கணிதப் பகுதியைக் கண்டு நம்மவர் அஞ்சுவதில்லை. அவர்களை வருத்துவது ஆங்கில மொழிப் பகுதியே. அதிலும் குறிப்பாக, ஒரு பந்தியைத் தந்து அதன்மீது வினா எழுப்பும் கிரகித்தற் பகுதி.

நாமறிந்த ஒரு யுவதியின் அனுபவத்தை இங்கு சொல்வது பொருத்தமாகும். போர் முடிந்தபின் பதினொரு வயதிலே பெற்றோருடன் ஜேர்மனிக்கு வந்தவர். வீட்டிலே தமிழ், பாடசாலையிலே ஜேர்மன், அதன்பின்னரே ஆங்கிலம். உயிரியலிலே சிறப்பாகத் தேறி, அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணினார். கடினமான ஆங்கிலச் சொற்களைச் சிறு அட்டைகளில் எழுதி, புகையிரதத்திலும் பேருந்திலும் மாதக்கணக்காக மனனஞ் செய்தார். இருந்தும் முதற்தடவை கிடைத்த புள்ளி அவர் எதிர்பார்த்ததற்கு வெகு கீழே இருந்தது. "எங்கட பிள்ளையளுக்கு ஆங்கிலம் வராது போல" என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, இரண்டு நாட்கள் அவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

பின்னர் அவர் செய்த காரியமே நமது கவனத்துக்குரியது. ஈ.ரி.எஸ். இலவசமாக வழங்கும் மாதிரிப் பரீட்சை ஒன்றைச் செய்து, தாம் விட்ட பிழைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். கண்டது அவரையே வியப்பில் ஆழ்த்தியது. சொல் விளங்காமற் போன இடங்கள் மிகச் சிலவே. அதிகம் பிழைவிட்டதோ தமது துறையாகிய உயிரியல் பற்றிய பந்தியிலே! தாம் கற்றறிந்தவற்றை வைத்து விடை தந்திருந்தாரேயன்றி, அந்தப் பந்தியை எழுதியவர் என்ன சொன்னார் என்பதை வைத்து அன்று. இந்த ஓர் உண்மையை விளங்கிக்கொண்டவருக்குப் பரீட்சையின் பாதிச் சுமை இறங்கிவிடும் என்பது எமது துணிபு.

பரீட்சையின் அமைப்பு

பழைய வழிகாட்டி நூல்களை வைத்துப் படிப்போர் முதலில் ஒன்றை அறிதல் வேண்டும். சொற்களுக்கு எதிர்ச்சொல் கேட்கும் வினாக்களும், இணைச்சொல் உறவு கேட்கும் வினாக்களும் 2011ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டன. சொற்பட்டியலை ஒப்புவித்தாற் போதும் என்ற எண்ணம் அந்தப் பழைய பரீட்சையிலிருந்து வந்தது. பரீட்சை மாறிவிட்டது, எண்ணந்தான் இன்னும் மாறவில்லை.

2023 செப்ரெம்பரில் பரீட்சை மேலும் சுருக்கப்பட்டது. முழுப் பரீட்சையும் இப்போது இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆங்கில மொழிப் பகுதி இரண்டு பிரிவுகளாக வரும். முதலாவதில் 12 வினாக்களுக்கு 18 நிமிடங்கள். இரண்டாவதில் 15 வினாக்களுக்கு 23 நிமிடங்கள். ஆக, 27 வினாக்களுக்கு 41 நிமிடங்கள். ஒரு வினாவுக்கு ஏறக்குறைய 90 வினாடிகளே கிடைக்கின்றன. புள்ளி 130இலிருந்து 170 வரை வழங்கப்படும். முதற்பிரிவிலே ஒருவர் எவ்வாறு செய்தார் என்பதைப் பொறுத்தே இரண்டாம் பிரிவின் கடினம் அமையும்.

வினாக்களில் ஏறத்தாழப் பாதி கிரகித்தலைச் சார்ந்தவை. ஏனையவை வெற்றிடம் நிரப்பும் வினாக்களும், ஒரே பொருள் தரத்தக்க இரண்டு சொற்களைத் தெரிவு செய்யும் வினாக்களுமாகும். கிரகித்தற் பந்திகள் விஞ்ஞானம், சமூகவியல், வணிகம், கலை, இலக்கியம் எனப் பல துறைகளிலிருந்தும் வரும். பெரும்பாலானவை ஒற்றைப் பந்தியே. ஓரிரண்டு மட்டும் பல பந்திகள் கொண்டு நீளும். சில வினாக்களுக்கு ஐந்து விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். சிலவற்றில் மூன்று கூற்றுகள் தரப்பட்டு, சரியானவை ஒன்றோ இரண்டோ மூன்றுமோ அனைத்தையும் குறிக்கும்படி கேட்பர். ஒன்று தவறினாலும் புள்ளி இல்லை. வேறு சிலவற்றில் பந்தியிலுள்ள ஒரு வாக்கியத்தையே விடையாகச் சுட்ட வேண்டும்.

பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. ஆதலால் எந்த வினாவையும் வெறுமையாக விட்டு வருதல் கூடாது. ஒரே பிரிவுக்குள் ஒரு வினாவைத் தாண்டிச் சென்று, பின்னர் திரும்பி வரவும் இடமுண்டு.

ஓர் உதாரணம்

அறிவுரைகளைவிட ஓர் உதாரணம் மேலானது. பரீட்சையில் வரும் பந்தியைப் போன்று ஒன்றை நாமே தமிழில் அமைத்துத் தருகின்றோம். வாசகர்கள் ஆறுதலாக வாசிக்கவும்.

'வியன்னா நகரப் பொது மருத்துவமனையிலே பணியாற்றிய செம்மல்வைஸ், பிரசவம் பார்க்கும் மருத்துவர்கள் குளோரின் கரைசலிலே கைகழுவ வேண்டும் என்று 1847இல் விதித்தார். தாய்மாரின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. இருந்தும் சக மருத்துவர்கள் பலர் அவரது கருத்தை ஏற்கவில்லை. அவர்களின் அகந்தையே இதற்குக் காரணம் என்று சொல்வது வழக்கம். ஆனால் இவ்விளக்கம் முழுமையானதன்று. செம்மல்வைஸ் தம் முடிவுகளை விரிவான நூலாக வெளியிட்டது 1861இலேயே. மேலும், நோய்க்கிருமிக் கொள்கை நிலைபெறாத அக்காலத்திலே, கைகழுவுதல் ஏன் பயன் தருகின்றது என்பதற்கு மருத்துவ உலகம் ஏற்கத்தக்க விளக்கத்தை அவரால் அளிக்க இயலவில்லை.'

இதனை எழுதியவரின் பிரதான நோக்கம் யாது?

அ. கைகழுவுதல் உயிர்களைக் காக்கும் என நிறுவுதல்.
ஆ. செம்மல்வைஸை எதிர்த்தவர்கள் குற்றமற்றவர்கள் என வாதிடுதல்.
இ. ஒரு நிகழ்வுக்கு வழமையாகச் சொல்லப்படும் விளக்கம் போதாது எனக் காட்டுதல்.
ஈ. செம்மல்வைஸ் நூலைத் தாமதமாக வெளியிட்டதற்குரிய காரணத்தை ஆராய்தல்.
உ. நோய்க்கிருமிக் கொள்கை எவ்வாறு நிலைபெற்றது என விளக்குதல்.

அவசரப்படுபவரின் கை முதலாவது விடையை நோக்கிச் செல்லும். கைகழுவுதல் உயிரைக் காக்கும் என்பது உண்மை, உலகறிந்த உண்மை. ஆயினும் இந்தப் பந்தி அதை நிறுவுவதற்காக எழுதப்படவில்லை. இரண்டாவது விடை எல்லை மீறுகின்றது. எதிர்த்தவர்கள் குற்றமற்றவர்கள் என எழுதியவர் எங்கும் சொல்லவில்லை. நான்காவது விடை பந்தியின் ஒரு சிறு விவரத்தைப் பிடித்துக்கொண்டு, அதையே முழுப் பந்தியாகக் காட்டுகின்றது. அத்தோடு, தாமதத்தின் காரணம் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. ஐந்தாவது விடை பந்தியிலே வரும் ஒரு சொல்லைக் காட்டி ஏமாற்றுகின்றது. எஞ்சுவது மூன்றாவதே. 'ஆனால் இவ்விளக்கம் முழுமையானதன்று' என்ற வாக்கியத்திலே பந்தி திரும்புகின்றது. அந்தத் திருப்பத்தைக் கண்டவருக்கு விடை தானே வந்து சேரும்.

இன்னொரு வினாவையும் எண்ணிப் பார்க்கலாம். மருத்துவர்களின் அகந்தைக்கு இதிலே எந்தப் பங்கும் இல்லை என எழுதியவர் கருதுகின்றாரா? இல்லை. விளக்கம் 'முழுமையானதன்று' என்றாரேயன்றித் 'தவறானது' என்று கூறவில்லை. அகந்தைக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்பதற்கு அவர் இடம் விட்டிருக்கின்றார். சொல்லப்பட்டதற்கும் சொல்லப்படாததற்கும் இடையிலுள்ள இந்த நூலிழையையே பரீட்சகர்கள் அளக்கின்றனர்.

நான்கு பொறிகள்

மேற்கண்ட பந்தியிலே நாம் கண்டவற்றைப் பொதுவாக வகுத்துச் சொல்வோமாயின், பிழையான விடைகள் பெரும்பாலும் நான்கு வகையினுள் அடங்கும். உலகில் உண்மையானாலும் பந்தியிலே சொல்லப்படாதது முதலாவது. எழுதியவர் சொன்னதை மிகைப்படுத்துவது இரண்டாவது. 'எல்லாம்', 'ஒருபோதும்', 'மட்டுமே' என்ற பொருள்படும் சொற்கள் இங்கு அடிக்கடி தலைகாட்டும். முற்பாதி சரியாகவும் பிற்பாதி பிழையாகவும் அமைவது மூன்றாவது. பந்தியிலே உள்ளதுதான், ஆனால் கேட்ட கேள்விக்கு விடையன்று என்பது நான்காவது.

முன்னர் குறிப்பிட்ட யுவதி ஒரு கொப்பியை எடுத்து நான்கு நிரல்களை வரைந்தார். பிழைவிட்ட ஒவ்வொரு வினாவையும் இந்த நான்கினுள் ஒன்றிலே பதிந்தார். மூன்று வாரங்களில் முதலாவது நிரலே நிரம்பி வழிந்தது. தமது நோய் எது என்று அறிந்த பின்னர் மருந்து தேடுவது இலகுவாயிற்று. ஒவ்வொரு விடையையும் தெரிவு செய்யுமுன், 'இதற்குச் சான்று எந்த வரியில்?' என்று தம்மைத் தாமே கேட்கப் பழகினார். வரியைக் காட்ட முடியாத விடையை, அது எத்துணை உண்மையாகத் தோன்றினாலும், விலக்கினார்.

சொல்லறிவு வேண்டாமா?

வேண்டும். சொல்லறிவின்றி வெற்றிட வினாக்களைச் செய்தல் அரிது. ஆனால் பட்டியலிலே ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என மனனஞ் செய்வது அரைகுறை வேலையாகும். இப்பரீட்சையிலே கடினமான சொல்லைவிட, இலகுவான சொல்லின் இரண்டாம் பொருளே அதிகம் ஏமாற்றும். 'குவாலிபை' என்றாற் தகுதி பெறுதல் என்பதை யாவரும் அறிவர். ஆனால் ஒரு கூற்றின் வன்மையைத் தணித்து வரையறுத்தலும் அதே சொல்லாற் குறிக்கப்படும். 'அரெஸ்ற்' என்பது கைது செய்தல் மட்டுமன்று, ஒன்றன் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துதலுமாகும். 'செக்' என்பது சரிபார்த்தலையும் குறிக்கும், கட்டுக்குள் வைத்தலையும் குறிக்கும். இப்பொருள்களைப் பட்டியல் கற்பிக்காது, வாக்கியமே கற்பிக்கும். ஆதலால் அட்டையிலே சொல்லை எழுதுவோர், அதை எந்த வாக்கியத்திலே கண்டார்களோ அந்த வாக்கியத்தையும் சேர்த்து எழுதுவார்களாக.

இன்னொரு வகைச் சொற்களும் உண்டு. 'பற்', 'யெற்', 'ஹவ்எவர்', 'ஓல்தோ', 'நெவதலெஸ்' போன்ற சிறு சொற்கள் அவை. எந்தப் பட்டியலிலும் இவை இடம்பெறுவதில்லை. ஆயினும் பந்தி எங்கே திரும்புகின்றது, எங்கே மறுக்கின்றது, எங்கே ஒப்புக்கொள்கின்றது என்பதைக் காட்டும் கைகாட்டி மரங்கள் இவையே. ஆயிரம் அரிய சொற்களைக் கற்றும் இவற்றைக் கவனியாது ஓடுபவர் வழி தவறுவார்.

நான்கு மாதத் திட்டம்

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்போரை மனதிற் கொண்டு, நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் என்ற அளவிலே ஓர் ஒழுங்கைத் தருகின்றோம்.

முதலிரண்டு மாதங்களும் மணிக்கூட்டை மறந்துவிட வேண்டும். நாளுக்கு ஒரு கட்டுரை போதும். 'சயன்றிபிக் அமெரிக்கன்', 'எக்கொனமிஸ்ற்' போன்ற சஞ்சிகைகளைப் பொது நூலகங்கள் பலவற்றிலே வாசிக்கலாம். நீண்ட வாக்கியங்களைக் கண்டு மருள்வோர் 1859இல் வெளிவந்த இரண்டு நூல்களை நாடலாம்: டார்வினின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் ஒன்று, ஜோன் ஸ்ருவாட் மில் சுதந்திரம் பற்றி எழுதிய நூல் மற்றையது. இரண்டும் பதிப்புரிமைக் காலம் கடந்தவை. இணையத்திலே இலவசமாகக் கிடைப்பவை. நாளுக்கு இரண்டு பக்கம் வாசித்தால், எழுவாயையும் பயனிலையையும் எட்டு வரிகளுக்கு அப்பாலும் இனங்காணும் பழக்கம் வந்துவிடும்.

வாசித்து முடித்ததும் நூலை மூடிவிட்டு, ஒவ்வொரு பந்திக்கும் ஒரு வரி எழுத வேண்டும். தமிழிலே எழுதினாலும் குற்றமில்லை. அந்த வரி, பந்தி எதைச் சொன்னது என்பதோடு நின்றுவிடாது, எதைச் செய்தது என்பதையும் காட்ட வேண்டும். பழைய கருத்தை முன்வைத்ததா, அதை மறுத்ததா, சான்று தந்ததா, விதிவிலக்கைக் காட்டியதா என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் மாதத்திலே ஈ.ரி.எஸ். வெளியிட்ட உண்மையான வினாக்களை எடுத்து, பிழைகளை நான்கு நிரற் கொப்பியிலே பதிந்து வர வேண்டும். விவாதப் பந்திகளை இந்த மாதத்திலேயே பழகுதல் நன்று. ஒரு முடிவைப் பலவீனப்படுத்துவது எது, எந்த எடுகோளின்மீது அது நிற்கின்றது என்று கேட்கும் வினாக்கள் அவை. முடிவு எது, காரணம் எது என்று முதலிற் பிரித்துக்கொண்டால், இரண்டுக்கும் நடுவே சொல்லாமல் விடப்பட்ட எடுகோள் புலப்படும்.

நான்காம் மாதத்திலேதான் மணிக்கூட்டைக் கையில் எடுக்க வேண்டும். 18 நிமிடங்களில் 12 வினா, 23 நிமிடங்களில் 15 வினா என்று அதே அளவிற் பயில வேண்டும். வேகம் என்பது தெளிவின் பின்னால் வருவது. தெளியாத வாசிப்பை வேகப்படுத்தினால், பிழைகளே வேகமாகப் பெருகும்.

இது நமக்குப் புதிதன்று

அந்நிய நாட்டுப் பரீட்சை என்றதும் அது வேறோர் உலகத்துக்குரிய வித்தை என நம்மவர் எண்ணுகின்றனர். ஒரு நூலைப் பொழிப்புரை, பதவுரை, கருத்துரை, விளக்கவுரை எனப் படிப்படியாக அணுகிய மரபு நம்முடையது. ஒரு சொல் அங்கே ஏன் நின்றது, அது எதனை விலக்குகின்றது என்று வினவியே உரையாசிரியர்கள் பொருள் கண்டனர். தம் கருத்தை நூலின்மேல் ஏற்றிச் சொன்னவரை அடுத்து வந்த உரையாசிரியர் கண்டித்தார். இப்பரீட்சை கேட்பதும் அந்த நிதானத்தையே. வீட்டிலே தமிழ் பேசுவதால் ஆங்கிலம் கெட்டுவிடும் என அஞ்சும் பெற்றோருக்கு நாம் சொல்வது ஒன்றுண்டு: ஒரு தமிழ்க் கட்டுரையை வாசித்து, அதன் சாரத்தைப் பிசகாமற் சொல்லப் பழகிய பிள்ளை, அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்கும் எடுத்துச் செல்லும்.

பயனும் எல்லையும்

பணம் கட்டுமுன் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அண்மைய ஆண்டுகளிலே, குறிப்பாக 2020இன் பின்னர், அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறைகள் பல ஜீ.ஆர்.ஈ. புள்ளியைக் கட்டாயமாகக் கேட்பதை நிறுத்தியுள்ளன. பதிவுக் கட்டணமோ 200 டொலருக்கு மேல். ஆதலால் தாம் விண்ணப்பிக்கும் துறை அதைக் கேட்கின்றதா என்று முதலில் உறுதி செய்தல் வேண்டும். முதற்தடவை புள்ளி குறைந்தோர் மனந்தளரத் தேவையில்லை. 21 நாட்களின் பின்னர் மீண்டும் எழுதலாம். பன்னிரண்டு மாதங்களுக்குள் ஐந்து தடவை வரை இடமுண்டு. பெற்ற புள்ளி ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

ஜீ.ஆர்.ஈ. எழுதாதோருக்கும் இந்தப் பயிற்சி வீண்போகாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் சட்டம் பயில விரும்புவோர் எழுதும் எல்.எஸ்.ஏ.ரி. பரீட்சையிலும், மருத்துவம் பயில விரும்புவோர் எழுதும் எம்.சி.ஏ.ரி. பரீட்சையிலும் கிரகித்தலுக்குத் தனிப்பகுதி உண்டு. மருத்துவப் பரீட்சையில் அது 90 நிமிடங்களில் 53 வினாக்கள். அங்கும் கேட்கப்படுவது இதே திறன்தான்.

இத்தகைய புள்ளி ஒருவரின் அறிவுக்கு அளவுகோல் அன்று என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். முகாம்களிலே பாடசாலை இழந்து, இடையிலே நாடு மாறி, மூன்றாம் மொழியிலே பரீட்சை எழுதும் பிள்ளையின் புள்ளியை, ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிட்டு ஏசுவது நீதியன்று. 'ஆங்கிலம் வராது' என்று ஒரு சொல்லிலே தீர்ப்பெழுதும் உறவினர்கள், அந்தச் சொல் மூடிய அறைக்குள்ளே என்ன செய்கின்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த யுவதி ஆறு மாதங்களின் பின் மீண்டும் பரீட்சைக்கு அமர்ந்தார். அவர் நாடிய துறைக்குப் போதிய புள்ளி கிடைத்தது. புதிதாக எத்தனை சொற்களைக் கற்றீர்கள் என்று நாம் கேட்டோம். "சொல் கொஞ்சந்தான். முந்தி நான் வாசிக்கேல்லை, தேடினனான், இப்ப வாசிக்கிறன்" என்றார்.

வார இறுதியிலே தமிழ் வகுப்பு நடக்கும் மண்டபங்கள் எந்த நகரிலும் நமக்கு உண்டு. வகுப்பு முடிந்தபின் ஒரு மணித்தியாலம் அதே மண்டபத்திலே, மூத்த மாணவர் ஒருவர் முன்னின்று, ஐந்தாறு பேர் ஒரு பந்தியை எடுத்து வாசித்து, 'இதற்குச் சான்று எந்த வரியில்?' என்று ஒருவரையொருவர் கேட்டால் அதுவே போதும். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. வேண்டியது ஒரு மேசையும், சில நாற்காலிகளும், முன்வரும் ஒருவரும். பல்கலைக்கழகப் படியை ஏற்கனவே தாண்டிய நம் இளைஞர்கள் அந்த ஒருவராக முன்வர வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.